அஞ்சாவது ஸ்லாட்டு

சித்திரை வெயில்ல, மதியம் ரெண்டு மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ஒரு லேப்டாப்ப ஓட விட்டு அது எப்ப படுக்கும்னு நோட்டும் பேனாவுமா காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிற பொண்ண நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

நான் பாத்திருக்கேன். பக்கத்துலயே ஒக்காந்து வேர்த்து ஊத்தியிருக்கேன். ஏன்னா அந்த லேப்டாப்பு என்னோடது.

பேரு சொல்ல மாட்டேன். சொன்னா அவ இதப் படிச்சிட்டு "எதுக்குடி இவ்ளோ சீனு, பாதிய வெட்டு"ன்னு மெசேஜ் போடுவா. நான் அவளுக்கு வெச்ச பேரு ரெண்டு படி. ஏன் அந்தப் பேருன்னு படிக்கப் படிக்க ஒங்களுக்கே தெரிஞ்சிரும்.

அவளுக்கு ஊரு ஆவூர் பக்கம். எனக்கு கீரனூர். ரெண்டு பேருக்கும் திருச்சியில ஒரே காலேஜு. நான் சிவில், அவ எலக்ட்ரிகல். கீரனூர்ல பஸ் ஏறுறப்பதான் பழக்கம். எட்டே கால் பஸ்சப் புடிச்சா ஒம்போது மணி கிளாசுக்கு கரெக்டா போயிரலாம். ஊர்ல இருக்கிற அத்தன பேரும் அந்த பஸ்சுலதான் தொங்குவாங்க. இவ மட்டும் ஏழரைக்கே போயிருவா. எட்டே காலுக்கு முன்னாடி எட்டு மணி பஸ்சு, அதுக்கும் முன்னாடி ஏழரை.

"அங்க போயி பூட்டுன கேட்ட பாத்துக்கிட்டு நிப்பியாடி?"ன்னு கேட்டேன்.

"ஆமா. ஒரு பஸ்சு வரலன்னாலும் நிப்பேன், ரெண்டு பஸ்சு வரலன்னாலும் நிப்பேன். நீ ஒண்ணு வரலன்னாலே அழுவ."

எனக்குக் கடுப்பு. ஆனா ஏழரை பஸ்சுல சீட்டு கெடைக்கும். அதனால நானும் ஏழரைக்கு மாறிட்டேன். நட்பெல்லாம் அப்புறம்தான், மொதல்ல ஜன்னல் சீட்டு.

அவ சண்ட போடுறதும் அப்படித்தான். ஒரு நாள் கண்டக்டரு காலேஜ் வாசல்ல வண்டிய நிறுத்த மாட்டேன்னுட்டாரு.

"எக்ஸ்பிரஸ் வண்டிம்மா இது. கண்ட எடத்துலல்லாம் நிக்காது."

"அண்ணே, நேத்து நிறுத்துனீங்கள்ல?"

"நேத்து மழம்மா."

"அப்ப இது மழைக்கு நிக்கிற எக்ஸ்பிரஸ்சுங்களா?"

பஸ்சே சிரிச்சிருச்சு. கண்டக்டருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. நான் பின்னாடி ஒரு டயலாக்கு ரெடி பண்ணி வெச்சிருக்கேன், அது விழுந்துச்சுன்னா மனுசன் அதோட காலி. இவ என்னடான்னா, "சரிண்ணே, ஒங்களுக்கும் டைம் இருக்குல்ல. ஒங்களால முடிஞ்சப்ப நிறுத்துங்க"ன்னுட்டு பேகத் தூக்கி மடியில வெச்சு ஒக்காந்துட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க. "லூசு, ஜெயிச்சிட்ட நீ! இன்னும் ரெண்டு வார்த்த பேசியிருந்தா ஆளு சாரியே கேட்டிருப்பாரு!"

"சாரி கேட்டவரு நாளைக்கு நம்மள ஏத்துவாரா?"

அடுத்த வாரத்துலேர்ந்து அந்தாளு காலேஜ் வாசல் வரவும் வண்டிய மெதுவா விடச் சொல்லுவாரு. "சட்டுனு எறங்குங்கம்மா, எறங்குங்க"ன்னு எங்கிட்டோ பாத்துக்கிட்டு சொல்லுவாரு. என் டயலாக்கு இன்னைக்கு வரைக்கும் யூஸ் ஆகல.

லேப்டாப்பு கதைக்கு வாரேன். மூணாவது வருசம் எங்க சித்தப்பா சவுதியிலேர்ந்து வர்றப்ப எனக்கு ஒரு கேமிங் லேப்டாப்பு வாங்கிட்டு வந்தாரு. நான் கேம் ஆடுறதவிட 3டி வேல செய்யிறதுதான் ஜாஸ்தி. கட்டப் போற வீட்ட முன்னாடியே கம்ப்யூட்டர்ல கட்டி, உள்ள நடந்து போற மாதிரி வீடியோ பண்ணிக் குடுப்பேன். ஒவ்வொரு படமா கம்ப்யூட்டர் வரையணும், அதத்தான் ரெண்டர்னு சொல்றது, அதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு உயிரக் குடுத்து ஒழைக்கணும். ஒழைச்சுச்சு. ஒழைக்கிற சத்தம் பக்கத்துத் தெரு மாவு மில்லுக்கே போட்டியா கேக்கும். 88 டிகிரி. கீபோர்டுல வெரல வெக்க முடியாது. அந்தச் சூட்டுல கார்டு தானாவே பயந்து ஸ்பீடக் கொறைச்சுக்கும். அதாவது சத்தம் மட்டும் புலி, வேல எலி.

கேன்டீன்ல ஒரு நாள் ஓட விட்டுக்கிட்டு இருந்தேன். இவ காதக் கிட்ட கொண்டாந்து கேட்டா. வண்டி மெக்கானிக் எஞ்சினக் கேப்பாருல்ல, அந்த மாதிரி.

"இதுக்கு யாரு இவ்ளோ வோல்டேஜு குடுத்தது?"

"கம்பெனிக்காரன்."

"பந்தியில சின்னப் புள்ள எலையிலயும் பெரியாளு எலையிலயும் ஒரே அளவு சோத்தக் கொட்டுவாங்கள்ல? அதத்தான் பண்ணி வெச்சிருக்கான். எந்தக் கார்டு எவ்ளோ திங்கும்னு அவனுக்குத் தெரியாது, எல்லாத்துக்கும் சேத்து ஜாஸ்தியாவே போட்டு விட்டுட்டான். ஒன்னோடது திங்க முடியாம மூச்சு வாங்குதுடி."

ட்யூன் பண்றதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான். அதுக்குள்ள ஒரு கோடு இருக்கும், புள்ளி புள்ளியா மேல ஏறும். இவ்ளோ வோல்டேஜுக்கு இவ்ளோ ஸ்பீடுன்னு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கணக்கு. ஸ்பீட அப்படியே வெச்சுக்கிட்டு வோல்டேஜக் கொறைச்சா சூடு கொறையும். ரொம்பக் கொறைச்சா ஸ்க்ரீன் கருப்பாயிரும், கார்டு மயங்கிரும். எங்க மயங்குதுன்னு கண்டுபுடிக்கிறதுதான் வெளையாட்டே. நம்ம பசங்கல்லாம் மயங்குற எடத்துக்கு ஒரு இஞ்சு முன்னாடி நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஸ்டேட்டஸ் போடுவாங்க.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். காலையிலேயே முடிச்சிருவான்னு பாத்தேன். இல்ல. சோறு போட்டு, மோர் குடுத்து, அவங்க அம்மா என் வம்சாவளி முழுக்க விசாரிச்சு முடிச்சு, ரெண்டு மணி ஆகவும் ஷீட்டு போட்ட ரூமுக்கு கூட்டிட்டுப் போனா. ஃபேன் சுவிட்ச ஆஃப் பண்ணுனா.

"ஏய், செத்துருவேன்டி."

"நீ ஒண்ணும் சாக மாட்ட. ஏசி ரூம்ல பாஸ் பண்ணா அது பாஸா? இங்க ஓடுச்சுன்னா எங்கயும் ஓடும்."

25 மில்லிவோல்ட் கொறைப்பா. இருபது நிமிசம் ரெண்டர் ஓட விடுவா. டிகிரிய நோட்டுல எழுதுவா. மறுபடி 25. ஸ்பீடத் தொட மாட்டா. "ரெண்டையும் ஒண்ணாத் தொட்டா எது தப்புன்னு எப்படித் தெரியும்?" நான் துப்பட்டாவ நனைச்சு தலையில போட்டுக்கிட்டேன். அவங்க அம்மா எட்டிப் பாத்தாங்க.

"ஏத்தா, ஒங்க ரெண்டு பேரயும் யாரு கருவாடாக் காயப் போட்டது?"

"ஒங்க மகதான் ஆன்ட்டி!"

"அவ பொறந்ததே மே மாசம். அவளுக்கு ஒறைக்காது. நீ வா, இங்கிட்டு காத்து வருது."

நான் போகல. எனக்கும் ஆச வந்துருச்சு. 900 மில்லிவோல்ட்ல 85 டிகிரி, 850ல 82ன்னு எறங்க எறங்க மாவு மில்லு சத்தம் கொறையுது. ஸ்பீடு கொறையல. 775லயும் ஓடுச்சு. 750ல பொட்டுன்னு கருப்பு.

"கெடச்சிருச்சு! 775ல வெச்சிரு!"ன்னு குதிச்சேன்.

அவ 800ல வெச்சா.

"அடியே, 775 நல்லாத்தானடி ஓடுச்சு!"

"இன்னைக்கு ஓடுச்சு. தூசி அடையும். சூடு கடத்த உள்ள தடவுன பேஸ்ட்டு காயும். ஒனக்கு மாதிரி அதுக்கும் வயசாகும். விழுந்த எடத்துலேர்ந்து ரெண்டு படி பின்னால வந்து நில்லு."

வெச்ச பேரு ஞாபகம் வந்துருச்சா? அன்னைக்குத்தான் வெச்சேன்.

அந்த சாஃப்ட்வேர்ல நம்ம செட்டிங்க சேவ் பண்ண அஞ்சு ஸ்லாட்டு இருக்கும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு பட்டன் மாதிரி. அவ அஞ்சாவதுல சேவ் பண்ணுனா. "ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் நீ என்ன கூத்து வேணா அடி. அஞ்சத் தொடாத. அப்புறம், லேப்டாப்பு ஆன் ஆவுறப்பவே தானா போட்டுக்கன்னு ஒரு டிக்கு இருக்கும் பாரு, அத அவசரப்பட்டு குத்தாத"ன்னா. சரின்னு தலைய ஆட்டுனேன். எனக்கு அப்ப ஒரு சோடா மட்டும்தான் வேணும்.

இனிமே சொல்லப் போறது எனக்குக் கேவலம்தான், இருந்தாலும் சொல்றேன்.

ஃபைனல் இயர்ல காலேஜு டெக் ஃபெஸ்ட். அதுல ஒரு போட்டி, லேப்டாப்ப ட்யூன் பண்ணி பத்து நிமிசம் டெஸ்ட் ஓட விடணும், யாரு ஸ்கோரு ஜாஸ்தியோ அவங்க ஜெயிச்சாங்க. நானும் அவளும் ஒரு டீமு. என் லேப்டாப்பு, அவ கை. ஏசி ஹாலு வேற. "இங்கயாச்சும் ஸ்பீட ஏத்தி விடுடி, பத்தே நிமிசம்"னு கெஞ்சுனேன். ஏத்துனா. ஏத்தி, விழுற எடத்தக் கண்டுபுடிச்சு, வழக்கம்போல ரெண்டு படி பின்னால வந்துட்டா. நாங்க மூணாவது. மொத எடத்துக்கும் எங்களுக்கும் நடுவுல அந்த ரெண்டு படிதான்.

ஃபர்ஸ்ட் வந்த பையன் லேப்டாப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்வேன்னு பாக்குறீங்களா? ஒண்ணும் ஆகல. ஜம்முனு இருந்துச்சு. அதான் எனக்கு இன்னும் எரிஞ்சுச்சு. ஹாலு நெறையா ஆளு நிக்கிறப்ப கத்துனேன்: "ஒன்ன மாதிரி பயந்தாங்கொள்ளி கூட சேந்ததுக்கு எனக்கு இது வேணும். நீ சாவுற வரைக்கும் எதுலயும் ஃபர்ஸ்ட் வர மாட்ட."

அவ சார்ஜர் ஒயர அழகா சுத்தி என் பேகுல வெச்சா. ஜிப்ப மூடுனா. போயிட்டா.

அடுத்த நாள் ஏழரை பஸ்சுல அவ இல்ல. ஏழு மணி பஸ்சுக்குப் போயிட்டாளாம். என்கிட்டேர்ந்தும் ரெண்டு படி. அப்புறம் பிராஜெக்டு, வைவா, எல்லாம் முடிஞ்சு அவ ஓசூர்ல ஏதோ சார்ஜர் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வருசம் ஒரு மெசேஜு கூட இல்ல. நானும் போடல. டைப் பண்ணுவேன், அழிப்பேன். கெத்து முக்கியம்ல.

அந்தக் கோவத்துல ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் இருந்த ஸ்லாட்டெல்லாம் என் இஷ்டத்துக்கு மாத்துனேன். அஞ்சயும் அழிக்கலாம்னு மவுசக் கொண்டு போனேன். அழிக்கல. பாசமான்னு கேட்டீங்கன்னா, சோம்பேறித்தனம்னே வெச்சுக்கங்க.

போன டிசம்பர்ல திருச்சியில ஒரு ஃப்ரெண்டு ரூம்ல தங்கியிருந்தேன். வெளிய மழ, உள்ள ஏசி. 775 மில்லிவோல்ட், ஸ்பீடையும் சேத்து ஏத்தி விட்டேன். ராக்கெட்டு மாதிரி ஓடுச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். அந்த டிக்கையும் குத்துனேன். லேப்டாப்பு எப்ப ஆன் ஆனாலும் இதே செட்டிங்கு.

இப்ப இந்த மே மாசம். சென்னையில ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசு, டெஸ்ட் ஒண்ணு குடுத்தாங்க. ஒரு வீட்டு பிளான அனுப்பி, மூணு நாள்ல ஒரு நிமிச வீடியோ பண்ணுங்க, மூணாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு லிங்க் மூடிரும்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வருசமா துண்டு துண்டா வேல பாத்து நான் காத்துக்கிட்டிருந்தது இதுக்குத்தான். நிரந்தர வேல. என் பேரு கீழ வர்ற வேல. வீடியோன்னா 1500 படம், ஒண்ணு ஒண்ணா ரெண்டர் ஆகணும். மூணாவது நாள் காலையில 600 முடிஞ்சிருந்துச்சு. மீதி அசால்ட்டா முடிஞ்சிரும்னு பல்லு வெளக்கப் போனேன்.

வந்து பாத்தா கருப்பு.

ரீஸ்டார்ட் பண்ணுனேன். பத்து படம். கருப்பு. மறுபடி. நாலு படம். கருப்பு. எங்க வீட்டு மாடி ரூமு, மேல வெறும் தளம், கத்திரி வெயிலு. டிசம்பர்ல ஏசியில பாஸான ராக்கெட்டுக்கு கீரனூர் மே மாசம் ஒத்துக்கல. ட்யூனிங்க எடுத்துட்டு கம்பெனி செட்டிங்குக்குப் போனேன். விழல. ஆனா 90 டிகிரி, ஒரு படத்துக்கு 35 செகண்டு. கணக்குப் போட்டேன், முடிய ராத்திரி எட்டே கால் ஆகும். லிங்க் ஆறுக்கு மூடும்.

எங்கம்மா மேல வந்து "சாப்பிட வாடி"ன்னாங்க. நான் திரும்பிக் கூடப் பாக்கல. பாத்திருந்தா அழுதிருப்பேன்.

"என்ன ஆச்சு?"

"லேப்டாப்பு படுத்துருச்சும்மா. ஆறு மணிக்குள்ள அனுப்பலன்னா போச்சு."

"அந்த ஆவூர்ப் புள்ளயக் கேளேன். அதுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே?"

அம்மாக்களுக்கு எங்க குத்துனா எங்க வலிக்கும்னு யாரு சொல்லிக் குடுக்கிறா?

கூப்புடல. எப்படிக் கூப்புடுறது? பயந்தாங்கொள்ளின்னு சொன்ன வாயி. ஆனா கண்ணு அந்த சாஃப்ட்வேர்ல அஞ்சாம் நம்பர் பட்டன் மேலயே நிக்கிது. ரெண்டு வருசமா அங்கயேதான் இருந்திருக்கு. அமுத்துனேன்.

800. அதே ஸ்பீடு. ரெண்டர ஆரம்பிச்சேன், மணி பதினொண்ணே முக்கா.

ஒரு படம், 22 செகண்டு. அடுத்தது, 22. அடுத்தது, 22. ராக்கெட்டவிட ரெண்டு செகண்டு மெதுவு. பன்னெண்டரை, 22. ஒரு மணி, 22. ரெண்டு மணி ஆச்சு. தளம் காயிது, சுவத்துல கைய வெச்சா சுடுது. இதே நேரம்தான, இதே மாதிரி ஒரு அடுப்புக்குள்ளதான இத டெஸ்ட் பண்ணுனோம். அப்ப ஃபேன் கூட இல்லியே. இப்ப மேல ஒண்ணு, டேபிள்ல ஒண்ணு ஓடுது.

81 டிகிரி. 22 செகண்டு.

அப்பதான் சோறு எறங்குச்சு. அம்மா தட்ட மேலயே கொண்டாந்து குடுத்தாங்க. கரண்டு போயிருந்தா கத வேற. போகல. அஞ்சே காலுக்கு கடைசிப் படம். கோத்து வீடியோ ஆக்கி, போன் நெட்டப் போட்டு ஏத்துனேன். அஞ்சு நாப்பத்தி நாலுக்கு 'வந்து சேந்துருச்சு'ன்னு பச்சையா ஒரு டிக்கு. தரையில மல்லாந்து படுத்துட்டேன். அந்தத் தரையும் சூடுதான். ஆனாலும் அப்படி ஒரு சொகம்.

படுத்துக்கிட்டே அவளுக்குப் போன் போட்டேன். யோசிச்சா போட மாட்டேன்னு தெரியும், அதான் யோசிக்கல.

எடுத்தா. ஹலோ இல்ல, யாருன்னு கேக்கல. "எத்தன டிகிரி?"

"எப்படிடி தெரியும்?"

"மே மாசம். சாயங்காலம். ரெண்டு வருசம் கழிச்சு நீ கூப்புடுற. வேற என்னத்துக்கு?"

"81. அஞ்சாவது ஸ்லாட்டு."

"81ஆ? அப்ப 79 தான இருந்துச்சு. தூசி தட்டவே இல்லியா நீ?"

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு, சிரிப்ப மட்டும் வெளிய விட்டேன். அவ கம்பெனியில சார்ஜரெல்லாம் ஒரு சூட்டு ரூம்ல அடைச்சு வெச்சு டெஸ்ட் பண்றதுதான் இவ வேலையாம். "அறுபது டிகிரிடி உள்ள. தொறந்தா எங்க வீட்டு வாசன வருது"ங்கிறா. பாத்துப் பாத்து எடுத்திருக்கானுங்க வேலைக்கு.

அப்புறம் ஆரம்பிச்சேன். "ஏய்… அன்னைக்கு ஹால்ல நான் சொன்னது ரொம்பத் தப்பு. நான்…"

"போதும்."

"இருடி, முழுசா சொல்லிர்றேன்."

"வேணாம். ரெண்டு படி முன்னாடியே நிறுத்திக்க. எல்லாத்தையும் இன்னைக்கே கேட்டு முடிச்சிட்டா அடுத்த சண்டைக்கு என்ன பண்ணுவ?"

நிறுத்திக்கிட்டேன். மூச்சு மட்டும் நல்லா வந்துச்சு, ரெண்டு வருசம் கழிச்சு.

வேல கெடச்சிச்சான்னு கேக்காதீங்க, அவங்க இன்னும் சொல்லல. கெடைக்கலன்னாலும் வீடியோ போய்ச் சேந்துச்சுல்ல, அது நான் செஞ்சதுதான், கடைசிப் படம் வரைக்கும் செஞ்சது. அந்த டிக்க எடுத்து விட்டுட்டேன். ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் காலி. அஞ்சு இருக்கு.

அவ இன்னைக்கு லீவுக்கு ஊருக்கு வாரா. திருச்சியிலேர்ந்து நாலரைக்கு கீரனூர் வர்ற பஸ்சுல வந்து எறங்குறேன்னா. நான் கீரனூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டுதான் இத போன்ல அடிச்சுக்கிட்டிருக்கேன். பேகுல லேப்டாப்பு இருக்கு, தூசி தட்டியாச்சு.

மணி மூணு நாப்பது. நாலரை பஸ்சுக்கு ரெண்டு பஸ்சு முன்னாடி வர்ற திருச்சி பஸ்சு உள்ள திரும்புது.